அம்முலு அக்கா ரோட்டில் வண்டி மறித்த கதை

"உங்க அக்காவுக்குப் புத்தி கலங்கிடுச்சாம்பா. மானாம்பதி ரோட்டுல நின்னுக்கினு, போற வர்ற வண்டியெல்லாம் நிறுத்தி, 'திரும்பிப் போயி மறுக்கா வா'ன்னு சொல்லுதாம்."

மஸ்கட்டில் என் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் ஜெகன் இதைச் சொன்னான். சாலவாக்கத்தில் இருக்கும் அவன் மனைவிக்கு டவுன் பஸ்ஸில் யாரோ சொன்னதாம். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஆமாண்டா, சொன்னேன்," என்றாள் அம்முலு அக்கா. "இன்னா இப்போ? நாயிக்கு டிரெய்னிங் குடுக்கறேன்."

அக்காவுக்கு ஐம்பது வயது. நடவு, களையெடுப்பு, அதுவும் இல்லாதபோது நூறு நாள் வேலை. மாமா இறந்து, மகள் ஷீபாவை ராஜகுளத்தில் கட்டிக்கொடுத்த பிறகு காலனியின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறாள். போன வருஷம் அவளுடைய வெள்ளாடுகளை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் காவலுக்கு வந்த நாய்தான் சேட்டு. குட்டியாக இருந்தபோது வயிறு பெருத்திருந்ததால் அந்தப் பெயர். அப்போது கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும். வளர்ந்து காலும் வாலும் நீண்டதும் காது கேட்காத மாதிரி நடக்க ஆரம்பித்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் ஜோடிச் செருப்பில் ஒன்று மட்டும் காணாமல் போகும். இதையெல்லாம் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். பைக்கைக் கண்டால் குரைத்துக்கொண்டே சக்கரத்தோடு ஓடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்படி ஓடியதில் வீராசாமி விழுந்தார். டி.வி.எஸ். எக்செல் வண்டி, முன்னால் வைத்திருந்த யூரியா மூட்டை எல்லாம் வாய்க்காலில். முட்டியில் நல்ல சிராய்ப்பு. அக்கா கூலிக்குப் போகும் நிலம் அவருடையது.

"நடவு முடியறதுக்குள்ள அத்த அடக்கு. இல்லன்னா டாட்டா ஏஸ்ல ஏத்தி செய்யாறு தாண்டி வுட்டுட்டு வந்துடுவேன்," என்றுவிட்டார்.

இதையெல்லாம் போனில் கேட்டு நான் பயந்துபோய், நாய்ப் பயிற்சி பற்றி இங்கிலீஷில் இருந்த வீடியோக்களைத் தேடி அனுப்பினேன். என்ன பேசுகிறார்கள் என்று தமிழில் சொல்லியும் அனுப்பினேன்.

"அந்த நாயி சோபாவுல குந்திக்கினு கீது. சேட்டு ரோட்டுல கீது. நீ உன் வேலையப் பாரு."

"ஊசியாவது போட்டியாக்கா?"

"யாருக்கு, எனக்கா?"

அக்காவிடம் ஏற்கெனவே ஒரு வைத்தியம் இருந்தது. வண்டியைப் பார்த்து நாய் குரைத்தால் ஒரு துண்டு கருவாடு வீசுவாள். அது வாயை மூடிக்கொள்ளும். ஆனால் நாளாக ஆக, தூரத்தில் ஹாரன் கேட்டாலே பாய்ந்தது. எதிர்வீட்டுக் கொத்தனார் கலைச்செல்வன் ஒருநாள் ஸ்ப்ளெண்டரை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"யக்கா, சேட்டு டோல்கேட் போட்டுக்கினு கீது. வண்டிக்கு ஒரு கருவாடு. வசூல் ஜோரா கீது!"

அக்கா கையிலிருந்த கருவாட்டைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். அது வாலை ஆட்டியது.

"அட சனியனே, நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தேனா?"

மறுநாளிலிருந்து முறை மாறியது. ரோட்டை விட்டுத் தள்ளி, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிற்பாள். வண்டி தூரத்தில் வரும்போதே, குரைப்பதற்கு முன்னால் கருவாடு கொடுத்துவிடுவாள். குரைத்துவிட்டால் ஒன்றும் கிடையாது, வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆனால் நம் ரோட்டில் ஒரு வண்டி போனால் அடுத்தது எப்போது வரும்? அதனால்தான் போகிறவர்களை மறித்தாள். சிலிண்டர் போடுகிறவர் முணுமுணுத்துக்கொண்டே போய் வந்தார். மீன்காரர் மட்டும் கேட்டேவிட்டார்: "யம்மா, மீன் வாங்கறியா, இல்ல என்னிய வச்சி நாயிக்கு வித்த காட்டறியா?"

சேட்டுக்கு எல்லா வண்டியும் பழகிவிட்டது, வீராசாமியின் எக்செல்லைத் தவிர. நாயைக் கண்டதுமே உதைக்கிற மாதிரி அவர் காலைத் தூக்கிவிடுகிறார். அந்தக் காலைப் பார்த்துத்தான் அது பாய்கிறது.

நேற்று நடவு முடிந்தது. வரப்பில் எல்லார் முன்னாலும் அக்கா அவரிடம் சொல்லிவிட்டாள்.

"ணா, காலத் தூக்காம போங்கணா. அது ஒண்ணும் பண்ணாது."

"நாயிக்காக நான் கால மடக்கிக்கினு போவணுமா? இன்னாமே பேசற?"

"மடக்க வேணாம்ணா, வண்டி மேலயே வையுங்க. கால் வைக்கத்தான கம்பெனிக்காரன் எடம் வுட்டுக்கீறான்?"

நாற்று நட்டவர்கள் சிரித்துவிட்டார்களாம். அக்கா சொல்லச் சொல்ல எனக்குத்தான் கவலை. இனி அந்த நிலத்தில் இவளை வேலைக்குக் கூப்பிடுவாரா? அதைக் கேட்டால், "நாயிக்கு மொதல்ல வழி பண்றேன்," என்கிறாள்.

வீராசாமி சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலைல வர்றேன். கயிறு இல்லாம நிறுத்து. தொரத்துச்சின்னா, பின்னாலயே டாட்டா ஏஸ் வரும்."

"காலு?" என்றாளாம் அக்கா.

"பாக்கலாம்."

இன்று வெள்ளிக்கிழமை, எனக்கு விடுமுறை. ஊரில் அவர் கழனிக்குப் போகும் நேரம் தாண்டிவிட்டது. அக்காவுக்கு அடித்தேன், முழுக்க ரிங் போய் நின்றது. கலைச்செல்வன் போன் சுவிட்ச் ஆஃப். போனை வீட்டில் வைத்துவிட்டு ரோட்டிலேயே நிற்கிறாளோ, இல்லை, டாட்டா ஏஸ் பின்னால் கத்திக்கொண்டு ஓடுகிறாளோ.

ஜெகன் டீயைக் கொண்டுவந்து வைத்தான். "எடுத்தாங்களா?"

மறுபடியும் அடித்தேன். ரிங் போய்க்கொண்டிருக்கிறது.