திருப்பி வைத்த பெயர்த் தகடு

"இதுல வினிகர் வாசனை வருதுங்க," என்று அந்தப் பெண் கிளாசை என் பக்கம் தள்ளினாள்.

முகர்ந்து பார்த்தேன். வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய கணவர் கையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் எங்கள் பப்பின் பெயருக்கு எதிரே, முதலில் இங்கே போய் வெளிர்நிற பீரைக் குடியுங்கள் என்று போட்டிருந்தது. நார்விச்சிலிருந்து அதற்காகவே ரயில் ஏறி வந்ததாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

தினமும் வந்து ஜன்னலோரம் உட்காரும் டெஸ்மண்ட் சும்மா இருக்கவில்லை. "வினிகருக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? உங்க ஊரு சிப்ஸ் கடையிலயே சிப்ஸ் மேல ஊத்துவானே. அந்தத் தாள எழுதுன மகராசன் இதோ உக்காந்திருக்காரு, அவரையே கேளுங்க."

இருவரும் ராய்ஸ்டன் பக்கம் திரும்பினார்கள். பீப்பாயில் அடிமட்டம் வந்தால் அப்படித்தான் ஆகும், வேறொன்று ஊற்றித் தருவார்கள் என்று அவர் சொன்னார்.

"நீங்க குடிக்கிறதும் இதே பீர்தானே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

ராய்ஸ்டன் தன் கிளாசைப் பார்த்தார். அடியில் விரற்கடை அளவு மிச்சமிருந்தது.

"இது காலைல ஊத்துனதும்மா," என்றார்.

அதை நான் ஊற்றிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. அதே பீப்பாயிலிருந்துதான். பீர் இறைக்கும் கைப்பிடியில் மாட்டியிருந்த பெயர்த் தகட்டை நான் திருப்பி வைத்தேன். எழுத்து எங்கள் பக்கம் வந்துவிட்டால் அந்த பீர் இனிக் கிடையாது என்று அர்த்தம். எங்கள் ஊரில் யாரும் அதற்குமேல் எதுவும் கேட்க மாட்டார்கள். வந்தவர்களும் கேட்கவில்லை.

ராய்ஸ்டன் ஸ்டானிஃபோர்த் எங்கள் ஷெஃபீல்டில் முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவர். மனைவி இல்லை. பிள்ளைகளும் இல்லை. வெளியூரிலிருந்து நல்ல பீர் தேடி வருகிறவர்களுக்காக அந்தத் தாளை மாதாமாதம் அவரே எழுதி, நகலெடுத்து, ரயில் நிலையத்துப் பப்பில் கொண்டுபோய் வைப்பார். எட்டு பப்புகள். எதிலிருந்து எதற்கு நடப்பது, எங்கே வெயில் படும் நாற்காலி இருக்கிறது, கறுப்பு பீரை ஏன் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும், பன்றிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' எங்கே சூடாகக் கிடைக்கும், எல்லாம் இருக்கும். எந்த பப்பிலும் ஓசியில் குடிக்க மாட்டார். ஒரு பப்பில் இரண்டு தடவை பீர் கெட்டிருந்தால் அதன் பெயரை எடுத்துவிடுவார். எடுத்த பிறகும் அங்கே போய் உட்கார்ந்து உரிமையாளரிடம் கால்பந்து பேசுவார். அதை யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த ஜனவரியில் அவருக்கு மூன்று வாரம் காய்ச்சல். எழுந்து வந்தபோது இளைத்திருந்தார், மற்றபடி அப்படியே இருந்தார். முன்பெல்லாம் கிளாசை மூக்கருகே ஒரு கணம் நிறுத்தாமல் குடிக்க மாட்டார். இப்போது நேரே வாய்க்குக் கொண்டுபோனார். பன்றிக்கறிப் பையின் மேல் கடுகு விழுதை அரை விரல் உயரத்துக்குத் தடவினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நார்விச் தம்பதி வந்துபோன பிறகுதான் அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன்.

மார்ச் தாள் வரவில்லை. என்ன, மை தீர்ந்துபோச்சா என்று டெஸ்மண்ட் தினமும் கேட்டான். வரும் என்று மட்டும் ராய்ஸ்டன் சொல்லுவார்.

க்ளெனிஸ் நடத்தும் பப்பில்தான் சிக்கல். டான் ஆற்றுக்கு அந்தப்புறம், மேட்டில், கடைசிச் சந்தில் இருக்கிறது அது. சாப்பாடு இல்லை, டிவி இல்லை. கையில் அந்தத் தாள் இருப்பவர்கள் மட்டும்தான் அந்த மேட்டை ஏறுவார்கள். இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு தடவை பீர் கெட்டிருந்தது. ராய்ஸ்டன் அதைக் க்ளெனிஸிடமே சொல்லியிருந்தார். இரண்டாவது தடவை போய்க் குடித்துப் பார்த்த பிறகுதான் மார்ச் தாளை எழுத முடியும். க்ளெனிஸ் பீர் வரும் குழாய்களை மாற்றிவிட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். ராய்ஸ்டன் அந்தச் சந்து முனைவரை போய்த் திரும்பிவிடுகிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். என் பஸ் அந்த வழியாகத்தான் போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மழை. உள்ளே அவரும் நானும் மட்டும் இருந்தோம். நான் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நார்விச்காரங்களுக்கு அத நீதான ஊத்துன," என்றார்.

"ஆமா."

"நல்லா நாறுச்சா?"

"கொஞ்சம்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு வானிலை சொல்லுவதுபோலச் சொன்னார். காய்ச்சலுக்கப்புறம் வாசனை, ருசி எதுவும் தெரியவில்லையாம். குளிர்ச்சி தெரிகிறதாம், நுரை தெரிகிறதாம், கசப்பு கொஞ்சம் நாக்கின் ஓரத்தில். காப்பி, சோப்பு, மழை, எதுவும் கிடையாது. வரலாம், வராமலும் போகலாம் என்றாராம் டாக்டர். அதனால் வருத்தமா என்று கேட்டால் அதுவும் சரியாகத் தெரியவில்லையாம்.

தாளை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமே என்றேன்.

"குடுக்கலாம். டெஸ்மண்ட் ஒருத்தன்தான் கேப்பான். க்ளெனிஸுக்கும் அவனுக்கும் ஆகாது, முதல் நாளே பேர எடுத்துருவான்." என்றார். "நானும் ருசி தெரியாம நல்லாருக்குன்னு எழுத முடியாது. யாரோ நார்விச்சுலேர்ந்து வருவாங்க."

இன்னொரு கிளாசைத் துடைத்தேன்.

"நாளைக்கு உனக்கு லீவுதான, கண்ணு?"

"ஆமா."

ஆறு வருடத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை, பீரைத் தவிர. அன்றைக்குக் கேட்டார்.

"க்ளெனிஸ் பப்புக்கு என்கூட வா. ஆளுக்கு அரை கிளாஸ் வாங்குறேன். நீ முதல்ல குடி. நல்லாருந்தா கிளாஸ கீழ வச்சிரு. கெட்டிருந்தா கையிலயே வச்சுக்க. அதப் பாத்து நான் எழுதிக்கறேன். எனக்கு ருசி தெரியலன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."