பிரேக் பிடிக்கவில்லை என்றார் அப்பா

என் அப்பா பெர்னார்டுக்குச் சிங்கப்பூரில், தேக்கா சந்தையின் பின்பக்கம் ஒரு கார் பட்டறை இருந்தது. எஞ்சின் எழுப்பும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். அதைவிட அவருக்குப் பெருமை, தங்கை ரோசம்மா எதையும் முதலில் அவரிடம் கேட்பதுதான். மின்விசிறி வாங்குவதானாலும் அத்தை பட்டறைக்கு வந்து, "அண்ணே, எது நல்லது?" என்று நிற்பார்.

1980ஆம் ஆண்டு அது நின்றுபோனது. அத்தையின் கணவர் அந்தோனி மாமா ஜூரோங் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கில், பேட்டரியில் ஓடிச் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுதுபார்ப்பவர். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்த சமயம். பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கி, எஞ்சினைக் கழற்றிவிட்டு, கழித்துப்போட்ட ஃபோர்க்லிஃப்ட்டின் மோட்டாரை கியர்பெட்டியோடு பொருத்தினார். பின்சீட்டை எடுத்துவிட்டு எட்டு பேட்டரிகளை அடுக்கினார். ரேஸ் கோர்ஸ் லேனில், அவர் வீட்டு வாசலிலேயே ஏழு மாதம் நடந்த வேலை.

அப்பாவை அவர் ஒருநாள்கூடக் கூப்பிடவில்லை.

"எஞ்சின இறக்க ஆறு பேரு வந்தாங்களாம். நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று வீட்டில் பொருமினார் அப்பா.

"பேட்டரி காரைப் பொம்மைக் கடையிலதான் விப்பாங்கன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. அப்புறம் எப்படிக் கூப்பிடுவாரு?" என்றார் அம்மா.

அத்தை எதைப் பேசினாலும் இப்போது "அவர் சொன்னாரு" என்றுதான் தொடங்கினார். அப்பா உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

வண்டி முதன்முதலாக ஓடவேண்டிய ஞாயிறு, பூசை முடிந்து கோயில்காரர்கள் பலர் வந்திருந்தார்கள். அத்தை கண்ணாடியில் ஜெபமாலை தொங்கவிட்டார். பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணு சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். மாமா கதவைத் திறந்தபோது அப்பா முன்னால் போய் நின்றார்.

"தாய்மாமன் மடியில உக்காராம எந்தப் பிள்ளைக்குக் காது குத்துறோம்? இதுவும் உங்க வீட்டுப் பிள்ளைதான லா, மாப்பிள்ளை. முதல்ல நான் ஓட்டுறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துச் சாவியைக் கொடுத்தார். "கியர் போட்டாச்சு மச்சான். மெல்ல மிதிச்சா போதும்."

அப்பா சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை.

"ஸ்டார்ட் ஆகலியே, மாப்பிள்ளை!" அவர் முகத்தில் பல நாள் காணாத மலர்ச்சி. மக்கர் செய்யும் பெட்ரோல் வண்டியை உசுப்புவதுபோல் பெடலை ஓங்கி மிதித்தார். வண்டி பாய்ந்து, கறிவேப்பிலைத் தொட்டியை உடைத்து, முன்சக்கரங்கள் தெருவோரக் கால்வாயில் இறங்க நின்றது.

அப்பா இறங்கினார். "பிரேக் பிடிக்கல" என்றார்.

"பிரேக் இல்லாத வண்டில நான் ஏற மாட்டேன்" என்றார் அத்தை மாமாவிடம்.

"கார் விஷயத்துல மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமா.

மூன்று வாரம் மாமா பிரேக்கைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினார். குறை எதுவும் அகப்படவில்லை. பேட்டரிகளின் கனத்தை அந்தப் பிரேக் தாங்காது, தன் திட்டமே தவறு என்று முடிவுகட்டி, மோட்டாரைக் கழற்ற ஆட்களை வரச்சொன்னார்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, நான் பட்டறைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அத்தை வந்தார்.

"அண்ணே, ஏழு மாச உழைப்பு. கழட்டித்தான் ஆகணுமா? நீங்க சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் சரி."

அப்பா கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்த கைகளையே திரும்பத் திரும்பத் துடைத்தார். தங்கை அப்படி வந்து நிற்பதை அவர் எவ்வளவு எதிர்பார்த்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "சத்தம் வரலன்னு நான்தான் ஓங்கி மிதிச்சிட்டேன்."

அத்தை அவரை ஏசவில்லை. கொண்டுவந்த குடையைக்கூட எடுக்காமல், மாமாவிடம் சொல்ல வெயிலில் ஓடினார்.

அப்பா பட்டறை வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "அவர்கிட்டதான் ஓடுறா."