சத்தத்தை நிறுத்திய பிறகு

வீடு வீடாக மின்நூல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் பாதி கதை, பாதி சார்ஜர் தேடுவது. பிள்ளையைப் படிக்க உட்காரவைத்துத் தோற்றுப்போனவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

மனைவி இறந்துபோன பிறகு வீட்டில் பேச்சுக்குரல் இல்லை. டேப் என்கிற தொடுதிரைக் கணினியை நானே தட்டித் தட்டிப் பழகி, பிள்ளைகளை வாசிக்கப் பழக்கும் ஒரு தொண்டுக் குழுவுக்காக மலையூரான கரடியூருக்குப் பஸ் ஏறிய காலம் அது. இப்போது நினைத்தாலும் மனசு அந்தப் பஸ்ஸில்தான் இருக்கிறது.

நகராத பக்கம்

செல்வி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். மகள் காவ்யா இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிள்ளை வாசிக்காமலே போய்விடுமோ என்று செல்விக்குப் பயம்.

தாய் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் வரியைத் தொட வேண்டும், டேப் அதை உரக்க வாசிக்கும் என்பது எங்கள் முறை. பறித்துப் பறித்துக் காய்த்துப்போன அவர் விரலுக்குத் திரை அசையவில்லை. துடைத்தார், ஊதினார், மறுபடி தொட்டார். கடைசியில் மகளின் விரலைப் பிடித்துத் தள்ளினார், பக்கம் திரும்பியது. “ஏனுங்கய்யா, இதுக்குங்கூட எஸ்டேட்டுக்காரி கை ஆகாதுங்களா?”

நான் எழுதிய பொய்

ஒரு மாதத்தில் காவ்யா ஆட்டுக்குட்டிக் கதையை மளமளவென்று ஒப்பித்தாள். ‘வாசிக்கிறாள்’ என்று படிவத்தில் எழுதினேன். அதே சமயம் கை தவறி இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் தள்ளிவிட்டேன். அவளோ விட்டுப்போன பக்கத்தையே சொல்லிக்கொண்டு போனாள். டேப் வாசித்ததைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள். எழுத்தைப் பார்த்துச் சொல் என்றேன். “கதைதான் நொம்ப நல்லாத் தெரியுமே தாத்தா, அப்புறம் எதுக்குப் பாக்கோணும்?”

நரி வந்த வரி

அன்றே டேப்பின் சத்தத்தை நிறுத்தினேன். இனி அம்மாதான் வாசிக்க வைக்க வேண்டும் என்றேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு எழுத்துத் தெரியுமா என்று நான் கேட்டதே இல்லை. இனி இது நடக்காது, டேப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் அடுத்த வாரம் போனேன்.

செல்வி வெங்காயம் உரித்தபடி அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கேட்ட கதை அவருக்கும் பாடம்தான். ஆனால் ஆட்டுக்குட்டியை நரியாக்கினார், மலையைக் கிணறாக்கினார். இல்லவே இல்லை என்று மகள் சண்டைக்கு வந்தால், எங்கே போட்டிருக்கிறது, காட்டு சாமி என்று சீண்டினார். காவ்யா கோபத்தோடு திரையில் விரல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, அம்மாவை மடக்கினாள். அவள் கேட்டிராத புதுக் கதை ஒன்றைத் திறந்து கொடுத்தேன். திக்கித் திணறி நான்கு வரி வாசித்துவிட்டாள்.

எழுத்தே தெரியாமல் இதை எப்படிம்மா செய்தீர்கள் என்று செல்வியைக் கேட்டேன். “தப்பாச் சொல்றதுக்குப் படிப்பு எதுக்குங்கய்யா?”

நானும் டேப்பும் ஒரு மாதம் சரியாகச் சொல்லிக் கெடுத்ததை ஒரு தாய் ஒரே வாரம் தப்பாகச் சொல்லித் திருத்தினார் என்று எழுத எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.