நான் போகாத வீடு

நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பும் மனநோயாளிகளின் வார்டில் நான் சமூகப் பணியாளராக இருந்தேன். நோயாளியின் வீட்டுக்குப் போய், அவன் வளர்ந்த சூழலை விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். அவனை வெளியே விடலாமா என்று முடிவெடுப்பவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.

குலசேகரத்துக்கு மேலே ரப்பர் பால் வெட்டும் ஒருவன், மனம் பிறழ்ந்த நிலையில் தோட்ட மேலாளரை வெட்டிக் காயப்படுத்தியிருந்தான். வார்டிலும் இரண்டு பணியாளர்களை அடித்துவிட்டான். அவன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று நல்ல மழை. மேலே ஏறும் பாதையில் அட்டை நெளிந்தது. கீழே டீக்கடையில் ஒதுங்கினேன்.

"அங்ஙன ஏறிப் போவாதிய சாரே," என்றார் கடைக்காரர். "அப்பன் குடிச்சா வெட்டுவேன்னு சொல்லுவான். மவன் சொல்லாமலே வெட்டிட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்."

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று தலைமுறையாக ஆசிரியர்கள் இருந்த திருச்சபைக் குடும்பம் எனது. அத்தகைய வீடுகளைப் பற்றிப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள எதுவுமில்லை என்று நினைத்தேன். 'தாயை வீட்டில் சந்தித்தேன். பரம்பரையாகவே வன்முறைக் குணம்' என்று, மேலே ஏறாமலே எழுதிக் கையெழுத்திட்டேன்.

மாதந்தோறும் அவன் தங்கை பஸ் ஏறி வருவாள். அண்ணன் மறுபடியும் ஒருவரை அடித்ததைச் சொன்னபோது திகைத்தாள்.

"அண்ணனுக்கு இடது காது கேக்காதுல்லா சாரே? அப்பா அடிச்சதுல போச்சு. அந்தப் பக்கமா வந்து தொட்டா பயந்து கைய வீசுவான். வீட்டுக்கு வந்தியளே, அம்மை சொல்லலியா?"

"ஞாபகம் இல்லை," என்றேன்.

அடுத்த மாதம் அவளே சொன்னாள்: "நீங்க வந்ததே அம்மைக்கு நினைப்பில்ல. 'இப்பிடி மறந்தா அண்ணன் எப்படி வெளிய வருவான்'னு நல்லா ஏசிட்டேன்."

வலப்பக்கமாகப் போய்ப் பேசும்படி பணியாளர்களிடம் சொன்னேன். அடிப்பது நின்றது. ஆனால் அறிக்கையைத் திருத்தவில்லை. திருத்தினால் நான் போகாதது தெரிந்துவிடும். தாய் இறந்தபோது அவனை அடக்கத்துக்கு அனுப்பலாமா என்று கேள்வி வந்தது. என் வரிகளைக் காட்டி, ஆபத்து என்று மறுத்தார்கள். அதன் பிறகும் பல வருடங்கள் அவன் உள்ளேதான் இருந்தான்.

ஓய்வு பெற்று, அவன் விடுதலையான செய்தியும் கேட்ட பிறகு, சென்ற மாதம் அந்தப் பாதையில் ஏறினேன். அவன் முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தங்கை காப்பி கொண்டுவந்தாள்.

"அம்மை இருக்கும்போ வந்தது. வழி மறக்கலியே சாரே?"

"அன்று நான் வரவில்லை. இன்றுதான் முதல் தடவை," என்றேன். டீக்கடையையும் அறிக்கையையும் சொன்னேன்.

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ, அம்மைய நான் எதுக்கு சாரே ஏசினேன்?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.