யோகா அக்கா கழற்றச் சொல்லாத பை

யோகா அக்கா நேற்றுப் பின்னேரம் செத்துப்போனா.

அவாவின் தங்கச்சி விஜிதான் போன் எடுத்தாள். "அண்ணா... அக்கா போயிட்டா. மூச்சு எடுக்க ஏலாமப் போச்சு."

டொக்டர் என்ன சொன்னவர் என்று கேட்டேன். "சுவாசப்பையில ஏதோ எண்டவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போனை வைத்துவிட்டு மேசையில் கிடந்த நட் ஒன்றைப் பூட்டினேன். கழற்றினேன். திரும்பப் பூட்டினேன். தர்சி போன பிறகு எனக்கு அழுகை வருவதில்லை.

தெரியாதவர்களுக்கு... தர்சி என் மனைவி. போன வருசம் காய்ச்சலில் போனவள். யோகா அக்கா கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் கராஜில் வாகனங்களுக்குப் புட்டி தேய்க்கிறவா. ஜெயபுரத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவா.

நெளிந்த கதவைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தை நிரப்பப் புட்டிப் பசை பூசி, காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி ஊற்றி சான்ட் பேப்பரால் தேய்ப்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். ஒரு கதவுக்கு அரை நாள் போகும். தண்ணீர் புட்டிக்குள் இறங்கினால் பிறகு பெயின்ற் கொப்பளிக்கும்.

அதற்குத்தான் இந்தத் தேய்க்கும் மெசினைச் செய்தேன். கதவின் வளைவுக்கு வளைந்து கொடுக்கும் நீளமான அடி. தண்ணீர் தேவையில்லை. தூசியை உள்ளே இழுக்க ஒரு சின்ன விசிறி, பின்னால் ஒரு துணிப்பை.

பையைத் தைத்தது தர்சி. முதல் செய்த எல்லா மெசினுக்கும் அவள்தான் தைத்தாள்... காக்கித் துணியில், இரட்டைத் தையல் போட்டு.

முதல் நாள் யோகா அக்கா மெசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. "என்ன தம்பி, இஸ்திரிப் பெட்டிக்குச் சட்டை போட்டு விட்டிருக்கிறீர்?"

"ஓட்டிப் பாருங்கோ அக்கா, பிறகு நக்கலடியுங்கோ."

ஒரு வான் வண்டியின் கதவில் மெசினை ஓட்டினா. பிறகு கையில் சொப்பிங் பை ஒன்றை மாட்டிக்கொண்டு கதவைத் தடவினா. வெறுங்கையால் தடவினால் சின்னப் பள்ளம் தெரியாதாம், பைக்கு மேலால் தெரியுமாம். மேலிருந்து கீழே மூன்று தரம் தடவினா.

"இஞ்ச ஒரு குழி கிடக்கு. மற்றபடி... சோக்கா இருக்கு." அப்படியே திரும்பி, "தர்சி, உன்ர மனுசன் தப்பீட்டார்!" என்றா. தர்சி அன்று எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து பக்கத்தில்தான் நின்றாள்.

தர்சி போய் இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் யோகா அக்கா வாகனமொன்றின் முன்மூடியை, பொனற்றை, தேய்த்து முடித்து, பக்கத்தில் நின்ற காரின் கண்ணாடியை விரலால் தொட்டா. விரலில் வெள்ளையாக மா மாதிரி.

"தம்பி, உந்தப் பை கொஞ்சம் தூசி விடுதுபோல."

"கொழும்பிலயிருந்து வேற பை வந்திருக்கு அக்கா. மாத்திறன்."

உண்மைதான். நல்ல வடிகட்டும் பைகள், பிரிக்காத பெட்டியோடு என் அலுமாரியில் இருந்தன. நான் பையைக் கழற்றக் கை வைத்தேன். தையலில் கை பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன்.

அக்கா பார்த்துக்கொண்டு நின்றா. "தர்சி தைச்சதெல்லே... கிடக்கட்டும் தம்பி. நான் மூக்கைக் கட்டிக்கொண்டு தேய்க்கிறன்."

துவாயால் மூக்கைக் கட்டுவாதான். ஆனால் தேய்த்த இடத்தைப் பார்க்க, துவாயை இறக்கிவிட்டு வாயால் ஊதுவா. ஒரு நாளைக்கு எத்தனை தரம்... நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அன்று அவா "கிடக்கட்டும்" என்றது எனக்கு ஆறுதலாக இருந்தது. அலுமாரியில் இருந்த பெட்டியை நான் பிறகும் பிரிக்கவில்லை.

தண்ணீர் ஊற்றித் தேய்த்த வரைக்கும் தூசி பறக்கவில்லை. தண்ணீரை நிறுத்தியது நான். பை விடுகிறது என்று தெரிந்தும் விட்டதும் நான்.

அவாவுக்கு முந்தியும் இழுப்பு இருந்ததா? வேறு வருத்தம் ஏதும் இருந்ததா? தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம். தெரியாமல் இருக்கவும் பயம்.

இன்று விடியவே விஜி திரும்பப் போன் எடுத்தாள். பின்னேரம் பிரேதம் எடுப்பார்களாம். பிறகு கேட்டாள்,

"அண்ணா, சனிக்கிழமை மெசின் அறிமுகத்தில ஆர் ஓட்டிக் காட்டுறது? அக்கா அதையேதான் கதைச்சுக்கொண்டு கிடந்தவா. நான் வரட்டோ? ஞாயிறுகளில மெசினை வீட்டை கொண்டந்து எனக்கும் பழக்கினவா. அறைக்குள்ள பழைய கதவொண்டை வைச்சு..."

அறைக்குள்.

"விஜி, உங்களுக்கு இருமல் இருக்கோ?"

"கொஞ்சம். அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. ஏன் அண்ணா?"

வாறன், வந்து சொல்றன் என்றேன்.

இதை அவளிடம் நேரே சொன்ன பிறகுதான் இங்கே பதிவாகப் போட நினைத்தேன். ஆனால் எட்டு மணிக்குக் கராஜ்கள் திறந்துவிடும். வவுனியாவிலும் துணுக்காயிலும் முல்லைத்தீவிலும் ஓட்டிப் பார்த்துச் சொல்ல நான் கொடுத்த மெசின்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே காக்கிப் பைதான்.

தயவுசெய்து இன்று ஓட்டாதீங்கோ. பிளக்கைக் கழற்றி வையுங்கோ. பையை உதறவும் வேண்டாம். நானே வந்து எடுக்கிறேன். இதுவரை ஓட்டியவர்களுக்கு இருமலோ இழுப்போ இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கோ, என் மெசினைப் பற்றியும் சொல்லுங்கோ. மறைக்க வேண்டாம்.

சனிக்கிழமை அறிமுகம் இல்லை.

நான் ஜெயபுரம் வெளிக்கிடுகிறேன். விஜியை முதலில் டொக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். செத்த வீட்டில் எல்லாருக்கும் முன்னால் அவளிடம் என்ன சொல்லிக் கூட்டிப்போவது என்றுதான் தெரியவில்லை...

யோகா அக்கா, இனியாவது மூச்சு முட்டாமல் படுங்கோ.