சிரிப்பக்காவுக்கு இன்று விடுமுறை

டிவியில் திகில் தொடர் பார்க்கும்போது அலறல் வரப்போகிறது என்று தெரிந்ததும் சிரிப்பக்கா தலையணையின் முனையைப் பல்லுக்கிடையில் கொடுத்துக்கொள்வாள். கத்தினால் தொண்டை கட்டிவிடும். தொண்டை கட்டினால் பிழைப்பில் மண். பயப்படாமலும் பார்க்க வராது, பயந்து எழுந்துபோகவும் மனம் வராது. வாரத்தில் ஒருநாள் விடுமுறை. அன்று மத்தியானம் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்துவிடுவாள்.

தொடர் வருங்காலத்தில் நடக்கிறது. அந்த ஊரில் தெருவுக்குத் தெரு இயந்திரக் கண்கள். சோர்ந்த முகம் ஒன்று சிக்கினால் போதும், வீட்டு வாசலில் வெள்ளை வண்டி வந்து நிற்கும். ஏறியவர்கள் திரும்புவதில்லை. "ஐயோ, திரும்பிப் பாக்காதடி, சிரிச்சுக்கிட்டே போ!" என்று கதாநாயகிக்கு யோசனை சொல்வாள். அவள் திரும்பிவிட்டால், "சொன்னா கேட்டாத்தானே" என்று நிஜமாகவே கோபித்துக்கொள்வாள்.

"இவ்வளவு நடுங்கிக்கிட்டு எதுக்கு இதப் பாக்கணும்? சிரிக்கிற மாதிரி ஏதாவது போடேன்" என்பார் கணவர்.

"சிரிச்சு சிரிச்சுத்தான் வாய் வலிக்குதே. நீங்க சும்மா இருங்க. அவ படுற பாட்டப் பாத்தா நம்ம பாடு தேவலன்னு இருக்கு."

அவளுடைய சொந்தப் பாடு இதுதான்: வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை. போனில் வைகிறவர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு, குரலில் புன்னகை குறையாமல் பதில் சொல்லவேண்டும். வாரத்துக்கு ஓர் அழைப்பைக் கணினி பொறுக்கியெடுத்து, அந்தப் புன்னகைக்கு மதிப்பெண் போடும். எந்த அழைப்பு என்று முன்கூட்டிச் சொல்லாது. தொண்ணூறுக்குக் கீழே இறங்காதவள் என்பதால் கூட இருப்பவர்கள் சிரிப்பக்கா என்று பெயர் வைத்தார்கள். பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. கணவர் உப்பு கேட்டால், "கண்டிப்பா தர்றேங்க, வேற ஏதாவது உதவி வேணுங்களா?" என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

இரண்டு வாரத்துக்கு முன்பு சறுக்கியது. ஒரு பெண் அழைத்தாள். உத்தரவாதச் சீட்டு கணவர் பெயரில் இருக்கிறது. அவர் இறந்து ஒன்பது நாள். அதற்குமேல் பேசமுடியாமல் அழுதாள். சிரிப்பக்கா குரலைத் தாழ்த்தி, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். கணினி பொறுக்கியது அந்த அழைப்பைத்தான். நாற்பத்தொன்று. அடுத்த வாரம் பயத்தில் குரல் தந்தியடித்தது. அதற்கும் கீழே போயிற்று. மூன்றாவது முறையும் விழுந்தால் வேலை இல்லையென்று மேலாளர் எழுதியே கொடுத்துவிட்டார்.

அந்த மூன்றாவது மதிப்பெண் இன்று மாலை ஐந்து மணிக்குக் கைப்பேசிக்கு வரும். அதனால்தான் மத்தியானத்திலிருந்து தொடரை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணவர் இரண்டு முறை டீ வைத்துவிட்டுப் போனார். இரண்டும் ஆடை கட்டிக் கிடக்கின்றன.

ஐந்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது கதாநாயகியின் வாசலில் வெள்ளை வண்டி நின்றது. அத்தோடு அந்தப் பகுதி முடிந்து திரை கறுத்தது. கறுப்பில் ஒரு கேள்வி வந்து நின்றது: "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?"

நெடுநேரம் பொத்தானைத் தொடாத எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். கணவர் ரிமோட்டுக்குக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். மடித்த காலைக் கீழே இறக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டி நிற்க, திரையைப் பார்த்து உதட்டை விரித்து, புகார் அழைப்பில் பேசுகிற குரலில் சொன்னாள்:

"ஆமாங்க! பாத்துக்கிட்டுத்தாங்க இருக்கேன். ரொம்ப சந்தோஷமா பாத்துக்கிட்டு இருக்கேங்க."