வெள்ளிக்கிழமை வந்த ஆய்வு

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலின் பின்னறையில் பாய் விரித்து ஜமாஅத்தார் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். பிறகு ஓட்டுக் கட்டடம் வந்தது, மாடி வந்தது, எட்டாம் வகுப்பு வரை வளர்ந்தது; விடுமுறை மட்டும் மாறவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அனுமதி தருவதற்கு முன் ஆய்வு செய்ய வேண்டிய அதிகாரி, வெள்ளிக்கிழமை காலை வருகிறேன் என்று போனில் சொன்னார். அன்றைக்கு லீவு என்று சொல்ல எங்கள் தாளாளருக்குப் பயம். "வாங்க சார், வாங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பள்ளிவாசல் மைக்கில் அறிவித்துத்தான் பிள்ளைகளை வரவழைத்தோம்.

அனுமதி கிடைக்காவிட்டால் பெரம்பலூருக்குப் பஸ் ஏற வேண்டும். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை அதற்கு விடமாட்டார்கள். நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் மகளும் அப்போது எட்டாவது. அவள் அத்தா, சவூதியில் இருக்கும் என் வீட்டுக்காரர், உள்ளூரிலேயே ஒன்பதாவது வந்தாலும் வேண்டாம் என்றிருந்தார். "எட்டாவது போதும். வூட்டுல இருக்கட்டும்." சண்டை போட்டும் முடிவு வரவில்லை.

காலையில் வருகிறேன் என்ற அதிகாரி உச்சிவெயிலில்தான் வந்தார். கழிப்பறை, தண்ணீர்த்தொட்டி என்று ஒவ்வொன்றையும் பார்த்து முகத்தைச் சுளித்தார். எட்டாம் வகுப்புக்குள் அவர் நுழையவும் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. அவ்வளவுதான். பழக்கதோஷம், பையன்கள் மொத்தமாக எழுந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் அவர்களுக்கு முன்னால் போனார். அதிகாரியின் பக்கத்திலேயே நின்ற தாளாளரும் பையிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இதோ வந்துட்டேன் சார்" என்று நடையைக் கட்டினார். நானும் பெண்பிள்ளைகளும் அந்த அதிகாரியும் மட்டும் நின்றோம்.

"என்னம்மா இது?"

"தொழுகைங்க சார். முடிஞ்சதும் வந்துடுவாங்க."

அவர் பெஞ்சுகளைப் பார்த்தார். "பொம்பளப் புள்ளைங்கள எட்டாவதோட நிறுத்திடுவீங்களே. அப்புறம் யாருக்கு ஒன்பதாவது?" பிறகு பிள்ளைகளிடமே கேட்டார். "அனுமதி குடுத்தா யார் யாரு படிப்பீங்க? கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. ஒவ்வொரு கைக்கும் நான் எந்த வீட்டுப் படியேறி எந்த அம்மாவிடம் மன்றாடினேன் என்று எனக்குத் தெரியும். முன்பெஞ்சில் என் மகள் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

"நீ ஏம்மா தூக்கல?"

"எங்கத்தா வேணாம்னுட்டாங்க சார்."

"பாத்தீங்களா?" என்று அவர் என் பக்கம் திரும்பினார். "யாரு பொண்ணு இது?"

வகுப்பே என்னைப் பார்த்தது. தூக்கிய கைகளில் சில மெல்ல இறங்கின. டீச்சர் மகளே படிக்கவில்லை என்றால் தங்களை மட்டும் வீட்டில் எப்படி விடுவார்கள் என்ற யோசனை அந்த முகங்களில் ஓடியது.

"என் பொண்ணுதாங்க சார். அவ படிப்பா."

மகள் நிமிர்ந்தாள். "அத்தா..." என்று இழுத்தாள்.

"அத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். கையத் தூக்கு."

தூக்கினாள். இறங்கிய கைகளும் மறுபடி ஏறின. அதிகாரி எண்ண ஆரம்பித்தார்.

சாயந்தரம் நானே சவூதிக்குப் போன் போட்டேன். "புள்ளைய ஒன்பதாவதுல சேத்தாச்சுங்க" என்றேன். பள்ளிக்கூடத்துக்கு அனுமதி வந்தது அதற்கு அப்புறம்தான்.